ஏழடி அகலத்தில் ஓர் அடுப்படி: கென்னட்–ஏவன் கால்வாயில் எட்டு நாட்கள்

முதல் நாள்: பாத்

இங்கிலாந்தின் பாத் நகரில் ரயிலை விட்டு இறங்கி, 23 கிலோ பெட்டியை இழுத்துக்கொண்டு சிட்னி பூங்கா வழியாகக் கால்வாய்க் கரைக்கு வந்து சேர்ந்தபோது மாலை நான்கு மணி. அக்டோபர் வெயில் மரங்களின் உச்சியில் மட்டும் மிச்சமிருந்தது. அக்காவும் அத்தானும் நான்கு ஆண்டுகளாகக் குடியிருக்கும் படகு, பூங்காவைத் தாண்டிச் சற்றுத் தொலைவில் கட்டப்பட்டிருந்தது. 57 அடி நீளம், 6 அடி 10 அங்குல அகலம். இந்த வகைப் படகுக்கு நேரோபோட் என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் வெட்டிய கால்வாய்களில் லாக்குகளை ஏழடி அகலத்துக்குத்தான் கட்டினார்கள். அந்த அளவுக்குள் நுழையும்படி செய்யப்பட்ட சரக்குப் படகுகளின் வடிவம் இன்றும் மாறவில்லை. லாக் என்பது இரண்டு பெரிய மதகுக் கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி, நீரை நிரப்பியோ வடித்தோ, அதை அடுத்த மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் அமைப்பு. மதகும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்த மன்னார்குடிக்காரனுக்கு அது அவ்வளவு அந்நியமாகத் தெரியவில்லை.

இவர்களுடைய படகுக்கு நிரந்தரமான துறை கிடையாது. அப்படிப்பட்டவர்கள் ஓரிடத்தில் 14 நாட்களுக்கு மேல் தங்காமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது 1995ஆம் ஆண்டுச் சட்டம். மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் அக்கா ஒரு வாரம் விடுப்பு எடுத்திருக்கிறாள். அந்த வாரத்தில் படகைக் கிழக்கே டிவைசஸ் வரை கொண்டுபோவது திட்டம். லாக்குகளைத் திறந்து மூட ஓர் ஆள் வேண்டும் என்பதால் என்னை அழைத்தார்கள். சமையலில் எனக்குள்ள ஆர்வத்தால் நானும் உடனே கிளம்பிவிட்டேன்.

சமையலறை படகின் நடுவில் இருக்கிறது. எட்டடி நீளம், இரு பக்கமும் மேடை, நடுவில் ஒருவர் மட்டும் திரும்பி நிற்கக்கூடிய நடைவழி. ஒரு பக்கம் மூன்று பர்னர் எரிவாயு அடுப்பும் அதற்குக் கீழே சிறிய ஓவனும், மறுபக்கம் பாத்திரம் கழுவும் தொட்டியும் 12 வோல்ட் ஃபிரிட்ஜும். சுவர்கள் மேலே போகப் போக உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால், கீழ்த்தட்டில் நிற்கும் டப்பா மேல்தட்டில் நிற்காது. இதைக் கவனிக்காமல் நான் கொண்டுவந்த உயரமான ஊறுகாய் ஜாடிகள் இரண்டும் இப்போது என் படுக்கைக்கு அடியில் இருக்கின்றன.

இரவு அக்கா தோசை வார்த்தாள். கல்லில் விட்ட எண்ணெய் முழுவதும் இடது ஓரமாக வழிந்து தேங்கியது. தோசையின் ஒரு பக்கம் முறுகலாகவும் மறுபக்கம் வெள்ளையாகவும் வந்தது. அக்கா தோசைக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அத்தானைக் கூப்பிட்டாள். "இடது பக்கம் பாரம் ஏறிவிட்டது, பாருங்கள்." காலையில் எரிபொருள் படகிடம் வாங்கிய 25 கிலோ கரி மூட்டைகள் மூன்றும் கூரையின் இடது ஓரத்தில் இருந்தன, போதாததற்கு என் பெட்டியும் அந்தப் பக்கமே இருந்தது. அத்தான் வெளியே போய் இரண்டு மூட்டைகளை வலப்பக்கம் இழுத்து வைத்தார். அடுத்த தோசைக்கு விட்ட எண்ணெய் கல்லின் நடுவில் நின்றது. பதினைந்து டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்புப் படகு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை ஒரு தேக்கரண்டி எண்ணெய் சொல்லிவிடும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

இரண்டாம் நாள்: பாத்தாம்ப்டன்

மிகக் குறைந்த தூரமே நகர்ந்தோம். ஆனால் படகுச் சமையலில் நான் கற்றுக்கொள்ள வேண்டியதில் பாதியை இன்றே கற்றுக்கொண்டேன்.

எட்டடி இடத்தில் சமைப்பதென்றால் இடப் பற்றாக்குறைதான் பெரிய சிக்கலாக இருக்கும் என்று எண்ணி வந்தேன். அக்காவுக்கு இடம் ஒரு சிக்கலே அல்ல. அவள் ஒவ்வொரு வேலையையும் தண்ணீரால் அளக்கிறாள். முன்பக்கத் தளத்துக்கு அடியில் 500 லிட்டர் தொட்டி இருக்கிறது. குளியல், சமையல், பாத்திரம் எல்லாம் அதிலிருந்துதான். இருவர் மட்டும் இருந்தால் ஒரு நாளுக்கு 40 லிட்டர். நானும் சேர்ந்திருப்பதால் 60 என்று கணக்கு வைத்திருக்கிறாள். சுற்றிலும் தண்ணீர் நின்றாலும், குடிக்கத் தகுந்த நீர் கால்வாயோரக் குழாய் இருக்கும் இடத்தில் மட்டுமே கிடைக்கும். அடுத்த குழாய்க்கு எப்போது போய்ச் சேர்வோம் என்பதை மழையும் காற்றும் நம் உடம்பும் முடிவு செய்யும்.

காலையில் நான் அரிசி களைந்தேன். வீட்டுப் பழக்கத்தில் மூன்று முறை நீர் மாற்றி, மூன்றையும் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டேன். அக்கா ஒன்றும் சொல்லாமல் ஒரு எவர்சில்வர் அடுக்கை எடுத்துத் தொட்டியின் பக்கத்தில் வைத்தாள். அரிசி களைந்த முதல் நீர் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் பிசுக்கை ஊறவைக்க. இரண்டாம் நீர் புளி கரைக்க. மூன்றாம் நீருக்கு வேலையே இல்லை, ஏனென்றால் அவள் இரண்டு முறைதான் களைகிறாள். அந்த அடுக்கைப் பார்த்ததும் எங்கள் வீட்டுக் கொல்லையில் மாட்டுக்காக அம்மா வைத்திருந்த கழுநீர்ப் பானை நினைவுக்கு வந்தது. அக்காவும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். "மாடுதான் இல்லை, தம்பி" என்றாள்.

மதியம் நான் செய்த தவற்றை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். கத்தரிக்காய் வதக்கிய வாணலியில் நான்கைந்து கரண்டி எண்ணெய் மிஞ்சியிருந்தது. மஞ்சள்தூள் கலந்த எண்ணெய். அதைத் தொட்டியில் கவிழ்த்து, திரவ சோப்பு விட்டுத் தேய்த்தேன். அடுத்த நிமிடம் பக்கத்துச் சன்னலின் வழியே பார்த்தபோது, படகை ஒட்டி நீரின்மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் விரிந்து போய்க்கொண்டிருந்தது. அதன் நடுவில் மஞ்சள் துளிகள். ஐந்தடி தள்ளி ஒரு நீர்க்கோழி தன் குஞ்சுகளில் மிஞ்சிய ஒன்றோடு இலைகளைக் கிளறிக்கொண்டிருந்தது. அந்தப் படலம் அவற்றின் கால்களுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

இங்கே கழிப்பறைக் கழிவைக் கால்வாயில் விடக் கூடாது. அதைத் தனியாகச் சேர்த்து உரிய இடத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். ஆனால் சமையல் தொட்டியின் நீர், படகின் பக்கவாட்டில் உள்ள துளை வழியாக நேரே கால்வாயில் விழுகிறது. நடுவில் வடிகட்டியோ சாக்கடையோ எதுவும் இல்லை. நான் தொட்டியில் ஊற்றியது அப்படியே நீர்க்கோழியின் வீட்டுக்குப் போய்விட்டது.

அக்கா கோபப்படவில்லை, ஆனால் வெகுநேரம் பேசவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு முறையைக் காட்டினாள். சமைத்த பாத்திரத்தை முதலில் பழைய செய்தித்தாளால் துடைக்க வேண்டும். எண்ணெய்த் தாள்கள் ஒரு தகர டப்பாவில் சேரும். மாலையில் கரி அடுப்பு மூட்ட அவைதான் முதல் தீ. பிறகு ஊறல் நீரில் ஒரு தேய்ப்பு. கடைசியில் அரைக் குவளை நல்ல நீரில் ஓர் அலசல். மிஞ்சிய எண்ணெய் வேறொரு புட்டியில். இந்த வரிசையில் கழுவினால் மூன்று பேரின் சாப்பாட்டுப் பாத்திரங்களுக்கு நான்கு லிட்டர் போதும் என்றாள். இரவு நான் அளந்து பார்த்தேன். நான்கரை ஆனது.

மூன்றாம் நாள்: கிளாவர்ட்டன், டண்டஸ்

பாத்திலிருந்து பிராட்ஃபோர்டு வரை ஏறத்தாழ 9 மைலுக்கு லாக்கே கிடையாது. ஏவன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் சரிவில், ஆற்றுக்கு வெகு உயரத்தில் கால்வாய் வளைந்து வளைந்து போகிறது. அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 4 மைல். கட்டிய படகுகளைக் கடக்கும்போது அதில் பாதிக்கும் கீழே குறைத்துவிட வேண்டும். வேகமாகப் போனால் எழும் அலையில் கரையிலுள்ள படகு தன் கயிற்றை இழுத்து ஆடும். அந்த நேரம் அங்கே யாராவது அடுப்பில் எண்ணெய் வைத்திருக்கலாம். அத்தான் வேகத்தைக் குறைப்பதற்குச் சொன்ன காரணமே அதுதான்.

கிளாவர்ட்டனில் இறங்கி நீரேற்று நிலையத்தைப் பார்த்தோம். 1813இல் ஜான் ரென்னி அமைத்தது. ஆற்றின் ஓட்டத்தால் சுழலும் பெரிய சக்கரம், அதே ஆற்றின் நீரை 48 அடி உயரத்தில் உள்ள கால்வாய்க்குத் தூக்கிவிடும். இப்போது அந்த வேலையை மின்சாரப் பம்புகள் செய்கின்றன. சக்கரத்தைத் தன்னார்வலர்கள் பழுதின்றிக் காத்து வருகிறார்கள். காலையில் ஒரு குவளைத் தண்ணீருக்குக் கணக்குப் பார்த்துவிட்டு வந்து அதன்முன் நின்றபோது, இந்தக் கால்வாயைக் கட்டியவர்களுக்கும் தண்ணீர்க் கவலைதான் முதல் கவலையாக இருந்திருக்கிறது என்பது புரிந்தது.

டண்டஸ் நீர்ப்பாலம் 1805இல் முடிக்கப்பட்டது. கால்வாய் நிறுவனத்தின் முதல் தலைவரான சார்லஸ் டண்டஸின் பெயரைத் தாங்கி, மஞ்சள் நிறப் பாத் கல்லால் ஆனது. கீழே ஆறும் ரயில் பாதையும். மேலே நம் படகு. பாலத்தில் ஏறும் இடத்தில் கால்வாய் சட்டென்று திரும்புகிறது. 57 அடிப் படகு அங்கே திரும்பும்போது முன்மூக்கு கரைக் கல்லில் இடித்தது. இடி மெல்லியதுதான். ஆனால் நான் தாளித்துவிட்டு மூடாமல் வைத்த கடுகு டப்பா மேடையிலிருந்து விழுந்து, கால் கிலோ கடுகும் தரைப்பலகை இடுக்குகளுக்குள் உருண்டோடிவிட்டது. இனி இதை வெகுநாள் காலால் மிதித்துக்கொண்டிருப்போம் என்று அக்கா சொன்னாள். படகு நகரும்போது மேடையில் எதுவும் திறந்திருக்கக் கூடாது, அடுப்பில் எண்ணெய் இருக்கவே கூடாது. கடல் படகுகளில் அடுப்பே ஆட்டத்துக்கு ஏற்பத் தொங்கி ஆடும்படி அமைத்திருப்பார்கள். கால்வாய்ப் படகு அப்படி ஆடாது. வெகுநேரம் தரைபோல அசையாமல் இருந்துவிட்டு எதிர்பாராமல் ஒரே ஒருமுறை இடிப்பதால், இங்கே கவனம் கூடுதலாகவே வேண்டியிருக்கிறது.

நான்காம் நாள்: பிராட்ஃபோர்டு ஆன் ஏவன்

காலையில் ஒரு லாக். பன்னிரண்டு அடிக்கு மேல் ஏற்றம். அதை அடுத்து நீர்க்குழாய்.

தொட்டி நிரம்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நீர் குறையக் குறையப் படகின் முன்பக்கம் மேலெழுந்திருந்தது. இப்போது நிரம்ப நிரம்ப மெல்லத் தாழ்ந்து, சமையலறைத் தரை சமமானது. அந்த ஒரு மணி நேரத்தில் அக்கா வீட்டின் எல்லாப் பெரிய கழுவல்களையும் முடித்துவிட்டாள். போர்வை அலசல், குக்கரின் அடிப்பிடிப்பு, கீரை. கீரையை நீர்க்குழாய் நாளில் மட்டுமே வாங்குவது அவள் வழக்கம். மண் போக அலசக் கீரைக்கு வேண்டிய நீர் அவ்வளவு. மற்ற நாட்களுக்குத் தோல் உரித்துச் சமைக்கும் காய்களே: வெங்காயம், உருளை, பூசணி, பீட்ரூட்.

ஊருக்குள் 14ஆம் நூற்றாண்டுத் தானியக் களஞ்சியம் ஒன்று இருக்கிறது. ஷாஃப்ட்ஸ்பரி மடத்துக்காகக் கட்டப்பட்டது. உள்ளே நின்று அந்த மரக் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, எங்கள் நான்கு கிலோ துவரம்பருப்புக்குத் திரும்பினோம்.

ஐந்தாம் நாள்: செமிங்டன் அருகே, மழை

நாள் முழுவதும் மழை. படகை நகர்த்தவில்லை. அலமாரிகளைப் பிரித்து அடுக்கினோம்.

படகில் பொருளை எங்கே வைப்பது என்பதை, அதன் எடையும் ஈரமும் வெப்பமும் முடிவு செய்கின்றன. கீழ் அலமாரிகளின் பின்சுவர் நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள இரும்புத் தகடு. மறுபக்கம் கால்வாய் நீர். கைவைத்தால் சில்லென்று இருக்கும். உருளை, வெங்காயம், தயிர், எலுமிச்சை எல்லாம் அங்கே. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டு அந்த அலமாரியையே குளிர்ப்பெட்டியாக வைத்துக்கொள்கிறாள். எடை மிகுந்த அரிசியும் பருப்பும் எண்ணெயும் கீழே, இரு பக்கமும் சமமாக. அரிசி மூட்டையில் 20 கிலோ இருக்கிறது. அதிலிருந்து வாரத்துக்கு வேண்டியதை மட்டும் ஒரு சதுர டப்பாவில் எடுத்து மேலே வைப்பாள். வட்ட டப்பாக்களை நான்கு ஆண்டுகளில் ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டாள். நான்கு வட்டங்கள் சேரும் இடத்தில் ஒரு கைப்பிடி இடம் வீணாகிறது என்பதுதான் காரணம். அஞ்சறைப்பெட்டி மட்டும் வட்டம். அம்மா கொடுத்தது, அது சன்னலோரம் தனியிடத்தில் இருக்கிறது. டப்பாக்களின் பெயர்ச்சீட்டு மூடியின் மேல் ஒட்டப்பட்டிருக்கிறது, ஏனென்றால் இங்கே எல்லாவற்றையும் குனிந்து மேலிருந்துதான் பார்க்கிறோம். தட்டுகளின் முன்விளிம்பில் ஒரு விரல் உயரத்துக்கு மரச்சட்டம். அதற்குமேல் ஒரு பித்தளைக் கம்பி.

ஈரம்தான் பெரிய எதிரி. வெளியே குளிர், உள்ளே சமையல். சோறு வடித்த ஆவி இரும்பிலும் கண்ணாடியிலும் படிந்து நீராக வழிகிறது. உப்பில் நாலு அரிசி, மிளகாய்த்தூளுக்கு இறுக்கமான மூடி, அப்பளத்துக்குக் கரி அடுப்பின் மேல்தட்டு. அலமாரிகளின் பின்னால் காற்றுப் போக இரண்டு விரல் இடைவெளி விட வேண்டும். அதை மறந்துபோய் ஒருமுறை பின்சுவரை ஒட்டி வைத்த ரவைப் பொட்டலத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது என்று அக்கா இன்னும் வருத்தத்தோடு சொல்கிறாள்.

குளிர் தாங்காமல் கூரையில் உள்ள காற்றுத் துளைகளை அடைக்கலாமா என்று கேட்டேன். அக்காவின் முகம் மாறியது. எரிவாயுவோ கரியோ காற்றுப் போதாமல் எரிந்தால் மணமில்லாத கார்பன் மோனாக்சைடு உண்டாகும். இவ்வளவு சிறிய இடத்தில் அது உறக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். தங்கும் அறையுள்ள படகுகளில் அதற்கான எச்சரிக்கைக் கருவி இருந்தாக வேண்டும் என்பது 2019 ஏப்ரல் முதல் விதியாக இருக்கிறது. இவர்கள் இரண்டு வைத்திருக்கிறார்கள். அடுப்புக்கு வரும் சிவப்புச் சிலிண்டர் 13 கிலோ புரொபேன். பியூட்டேன் ஏறத்தாழ சுழியம் டிகிரியிலேயே ஆவியாக மறுக்கும்; புரொபேன் மைனஸ் 42 வரை ஆவியாகும் என்பதால் குளிர்காலத்துக்கு அதுதான். சிலிண்டர்கள் படகின் முன்மூக்கில், வீட்டோடு தொடர்பில்லாத தனி அறையில் இருக்கின்றன. கசிந்தால் காற்றைவிடக் கனமான அந்த வாயு கீழே இறங்கிப் படகின் அடியில் தேங்காமல் வெளியேற, அறையின் அடியில் துளைகள். தினமும் படுக்கப் போகுமுன் சிலிண்டரை மூடிவிட்டு வருவது அத்தானின் வேலை. இன்று கொட்டும் மழையிலும் போனார்.

எரிவாயுவை மிச்சப்படுத்த அக்கா செய்யும் ஒன்றை நான் ஊருக்குக் கொண்டுபோகப் போகிறேன். ஊறவைத்த கொண்டைக்கடலையைக் குக்கரில் ஆவி வந்து எடை போட்டபின் ஐந்தே நிமிடம் வைத்து இறக்கி, கம்பளியில் சுற்றி ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துவிட்டாள். இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தபோது கடலை விரலில் மசிந்தது. சாம்பார் கொதிப்பது கரி அடுப்பின் மேல். அது வீட்டைச் சூடாக்க எப்படியும் எரிந்துகொண்டிருக்கிறது.

இரவு அத்தான் பழைய படகுக் குடும்பங்களைப் பற்றிச் சொன்னார். 19ஆம் நூற்றாண்டில் ரயில் வந்து கால்வாய்க் கூலி சரிந்ததும், கரையில் வாடகை கொடுக்க முடியாத படகோட்டிகள் மனைவி மக்களைப் படகுக்கே அழைத்து வந்துவிட்டார்கள். சரக்குக்குப் போக மிஞ்சியது பின்பக்கத்தில் ஏறத்தாழ பத்தடி அறை. அங்கேயே அடுப்பு, படுக்கை, பிள்ளைகள். அலமாரியின் கதவைக் கீழே இறக்கினால் அதுவே சாப்பாட்டு மேசை. குடிநீர், பூக்கள் வரைந்த ஒரு தகரக் குடத்தில் கூரைமேல் இருக்கும். அந்தக் குடத்தை வைத்துக்கொண்டு ஒரு தாய் எத்தனை பேருக்குச் சமைத்திருப்பாள் என்று யோசித்துக்கொண்டே படுத்தேன்.

ஆறாம் நாள்: சீண்ட்

செமிங்டனில் இரண்டு, சீண்டில் ஐந்து. மொத்தம் ஏழு லாக்குகள். தோள் வலிக்கிறது.

இன்று இட்லி மாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். 750 வாட் மிக்சியை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டினால் அறுபது ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அக்டோபர் வெயிலில் கூரையிலுள்ள சூரியத் தகடுகளால் அதை ஈடுகட்ட முடியாது. பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கினால் அதன் ஆயுளும் குறையும். எனவே மிக்சி ஓடுவது, எஞ்சின் ஓடிப் பேட்டரி ஏறிக்கொண்டிருக்கும்போது மட்டும். சட்னிக்கு ஒரு சின்னக் கல்லுரல் இருக்கிறது. மாவு அரைப்பது பயண நாட்களில்தான். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எஞ்சினின் சூடு ஒரு வெந்நீர்க் கொப்பரைக்குப் போகிறது. நாலு மணி நேரம் படகு ஓடினால் அந்தக் கொப்பரை இருக்கும் சிறிய அலமாரி விடியும்வரை வெதுவெதுப்பாக இருக்கும். மாவுத் தூக்கு அதற்குள். நேற்று மழைக்காக நின்றதால் மாவு இல்லை; இன்று ஏழு லாக் ஏறியதால் நாளை இட்லி.

உளுந்தைக் கையால் மாவோடு கலக்கும்போது அக்கா கண்ணை மூடிக்கொள்கிறாள். பதம் பார்க்கிறாளா, வேறு ஏதேனும் நினைக்கிறாளா என்று நான் கேட்கவில்லை.

ஏழாம் நாள்: கேன் ஹில்

29 லாக்குகள், இரண்டு மைலில் 237 அடி ஏற்றம். அவற்றில் 16 ஒரே நேர்க்கோட்டில், மலைமேல் படிக்கட்டுப்போல, பக்கத்தில் பெரிய குளங்களோடு. 1810இல் திறந்த இந்த ஏற்றம் 20ஆம் நூற்றாண்டில் பாழாகிக் கிடந்து, தன்னார்வலர்களின் பல ஆண்டு உழைப்பால் சீராகி, 1990இல் இரண்டாம் எலிசபெத் அரசியால் மீண்டும் திறந்துவைக்கப்பட்டது.

விடியுமுன் அக்கா எழுந்துவிட்டாள். அலமாரியைத் திறந்ததும் புளித்த மாவின் மணம்; தூக்கின் மூடி ஓர் அங்குலம் மேலெழுந்திருந்தது. இட்லி வேகும்போது பக்கக் கதவைத் திறந்து வைத்தாள். ஆவி வெண்மையாக வெளியேறிக் கால்வாயின் பனியோடு கலந்தது. மிளகாய்ப்பொடி தடவிய இருபது இட்லியும் ஒரு டப்பா புளியோதரையும் கட்டி வைத்தபின், ஏழு மணிக்கு அடுப்பை அணைத்துச் சிலிண்டரையும் மூடிவிட்டாள். ஏற்றம் முடியும்வரை சமையல் இல்லை. லாக்குக்குள் நீர் பாயும்போது படகு முன்னும் பின்னும் இழுபடும்.

இந்தக் கால்வாயின் லாக்குகளில் இரண்டு நேரோபோட்டுகள் பக்கம் பக்கமாக நிற்கலாம். அப்படிச் சேர்ந்து ஏறினால் வேலையும் பாதி, செலவாகும் நீரும் பாதி. ஒரு வயதான தம்பதியின் படகு எங்களோடு சேர்ந்துகொண்டது. ஒரு லாக் நிரம்ப ஏறத்தாழ இரண்டு லட்சம் லிட்டர் நீர் வேண்டியிருக்கும் என்று நீளத்தையும் அகலத்தையும் ஏற்றத்தையும் பெருக்கி அத்தான் கணக்குச் சொன்னார். எங்கள் தொட்டியைப்போல நானூறு. ஒவ்வொரு முறையும் அது சரிவில் இறங்கிவிடுகிறது. 1996இல் அமைத்த பம்பு ஒரு நாளில் ஏறத்தாழ மூன்று கோடியே இருபது லட்சம் லிட்டரை அடிவாரத்திலிருந்து மீண்டும் உச்சிக்கு ஏற்றக்கூடியது. அதைக் கேட்டபின் ஒவ்வொரு கதவையும் முழுவதும் மூடியிருக்கிறதா என்று இருமுறை பார்த்தேன்.

பதினாறின் நடுவில், இரண்டு படகுகளும் ஒரே லாக்கில் நின்றபோது சாப்பிட்டோம். அக்கா வாழையிலைக்குப் பதிலாக வைத்திருக்கும் எண்ணெய் ஊறாத தாளில் இட்லியும் புளியோதரையும் வைத்துப் பக்கத்துப் படகுக்குக் கைநீட்டிக் கொடுத்தாள். அங்கிருந்து ஒரு கூடை ஆப்பிள் வந்தது. அந்த அம்மாள் தன் சமையலறையைக் காட்ட என்னை அழைத்தார். அதே எட்டடி. தொட்டியின் பக்கத்தில் ஒரு பழைய எனாமல் கிண்ணமும், துடைத்த எண்ணெய்த்தாள்கள் நிறைந்த ஒரு தகர டப்பாவும் இருந்தன. நான் அவற்றையே பார்ப்பதைக் கண்டு அவர் அக்காவைப் பார்த்துச் சிரித்தார். அக்காவும் சிரித்தாள்.

ஆறு மணி நேரம் ஆயிற்று. உச்சியில் படகைக் கட்டியதும் மூவரும் உறங்கிவிட்டோம். அந்த ஆப்பிளில் இரவு ஒரு ரசம் வைத்தாள். புளியே வேண்டியிருக்கவில்லை.

எட்டாம் நாள்: டிவைசஸ்

துறையில் தொட்டியை நிரப்பினோம். பிராட்ஃபோர்டில் நிரப்பியதிலிருந்து இன்றுவரை ஒரு நாளுக்கு ஏறத்தாழ 50 லிட்டர் செலவாகியிருக்கிறது. மூவருக்கு அது நல்ல கணக்கு என்றாள் அக்கா. எனக்கு அது பெரிய பாராட்டு. கடந்த ஐந்து நாட்களில் எண்ணெய் ஒரு துளிகூடப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் போகவில்லை.

பத்து மணிக்குப் பேருந்து. மிஞ்சிய மாவில் வழிக்கு நாலு தோசை வார்ப்பதாக அக்கா அடுப்பை மூட்டினாள். நான் படுக்கைக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் துறைக்கு ஏற்றி, ஊறுகாய் ஜாடிகள் இரண்டையும் சதுர டப்பாக்களுக்கு மாற்றி வைத்துவிட்டு, கரையில் இறங்கி நின்றேன். உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"தம்பி, எண்ணெய் இப்போது வலப்பக்கம் ஓடுகிறது. கூரைமேல் இருக்கும் கரி மூட்டையை நடுவுக்கு இழுத்து வைத்துவிட்டுப் போ."